காரைக்குப் போய்வந்த லீலாபாய்

தம்பானூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருக்கும் அந்த ஏழு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் பழையது. இரும்புப் பட்டைக் கதவைக் கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். அரை விரல் இடைவெளி இருந்தாலும் நடுவழியில் நின்றுவிடும். அதனால் அதற்கென்று ஒரு ஆள் வேண்டியிருந்தது. பதினெட்டு வருடமாக அந்த ஆள் லீலாபாய்.

காலை ஒன்பதரைக்கு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தால், மத்தியானச் சோற்றுக்கு அரை மணி நேரம் போக, மாலை ஐந்தரைக்குத்தான் இறங்குவாள். ஏறுகிறவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவ்வளவு சின்ன இடத்தில் முகம் பார்த்தால் இரண்டு பேருக்கும் சங்கடம் என்பது வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. தரையைப் பார்ப்பாள். யார் செருப்பு மாற்றியிருக்கிறார்கள், யார் கால் வீங்கியிருக்கிறது, யார் மழையில் நடந்து வந்தார்கள் என்பதெல்லாம் தெரியும். நாலாவது மாடிக்கு வரும் வக்கீலின் முகத்தை வெளியே பார்த்தால் அடையாளம் தெரியாது, அவருடைய இடது செருப்பின் தேய்மானம் தெரியும்.

அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஆரியசாலையில் வீடு. மிளகாய் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். புதிதாக வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் வாசல் ஏறுவார்கள். அப்பா தங்கப்பன் நாகர்கோவில் பக்கமிருந்து இளவயதில் வந்து, அந்தக் கடைகளில் ஒன்றில் நாற்பது வருடம் வற்றல் மூட்டை எடை போட்டவர். இப்போது வயது எழுபத்தொன்பது. அம்மா இறந்தபோது லீலாபாய்க்குப் பத்தொன்பது வயது. தம்பி லிங்கராஜ் மஸ்கட்டில் இருக்கிறான். வாரம் ஒருமுறை பேசுவான். பேச்சு எங்கே தொடங்கினாலும், “நீ அங்க இருக்கேங்கதுதான் அக்கா எனக்கு ஒரே சமாதானம்” என்றுதான் முடியும். லீலாபாய்க்கு நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை.

பட்டாபி அவள் வாழ்க்கைக்குள் வந்தது லிஃப்ட் வழியாகத்தான். கரமனை அக்ரகாரத்துக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்தாவது மாடி இன்சூரன்ஸ் ஆபீசுக்கு வருவார். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் அவர் கையிலிருந்த துணிப்பை அடி கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் லிஃப்ட் தரையில் உருண்டது. அவர் குனிந்து பொறுக்கினார். கதவோரப் பள்ளத்தில் போய் விழுந்த ஒன்றை லீலாபாய் எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும் முன் அதைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள்.

“இது சிப்பியில்லியா சார்? ஆனா கனமா இருக்கே.”

“சிப்பியா இருந்தது. இப்போ கல்லு” என்றார் பட்டாபி. “ரெண்டு கோடி வருஷத்துக்குக் கிட்ட ஆகியிருக்கும்னு கணக்குச் சொல்றா.”

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வரி வரியாக, நேற்றுக் கடலிலிருந்து எடுத்தது போல இருந்தது. நாலாவது மாடி மணி இரண்டு தடவை அடித்தது.

“எங்க கிடைக்கும் சார் இது?”

“கொல்லம் பக்கத்துல படப்பக்கரைன்னு ஒரு இடம். காயலோரம். நானும் இன்னொரு பொண்ணும் போறது வழக்கம். வரணும்னா வாங்கோ, தாராளமா வரலாம்.”

அந்த இன்னொரு பெண் ஸ்வப்னா. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, அப்போது முப்பது வயதுகூட ஆகாதவள். கல்லூரியில் நிலவியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர் பட்டாபி. பள்ளியில் அதைப் படிக்க ஆசைப்பட்டு வீட்டில் விடாததால் கம்ப்யூட்டர் படித்தவள் ஸ்வப்னா. இரண்டு பேரும் ஏதோ ஒரு வாட்ஸாப் குழுவில் அறிமுகமானவர்கள். லீலாபாய் மூன்றாவது ஆளானாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, “கல்லு பாக்கப் போறேன்ப்பா” என்று சொன்னபோது தங்கப்பன் சிரித்துவிட்டார். “கல்லா? நம்ம சந்துல இல்லாத கல்லா மக்ளே?” அன்று விட்டுவிட்டார்.

காலை ரயிலில் கொல்லம், அங்கிருந்து பஸ்ஸில் குண்டறை, இன்னொரு பஸ், பிறகு நடை. அஷ்டமுடிக் காயலின் கரையில் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை துண்டு துண்டாகக் கிடந்தது. பட்டாபி பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டார். ஸ்வப்னா போனில் படம் எடுத்துத் தேடினாள். லீலாபாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, லிஃப்டில் தரையைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டு நடந்தாள். பத்தடி போய் நின்றாள். குனிந்து எடுத்தது சுண்டுவிரல் நீளச் சுருள் சங்கு, நுனிகூட உடையாமல் முழுசாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, தேன்கூடு போல அறை அறையாக இருந்த பவழத் துண்டு. பட்டாபி எழுந்து வந்து இரண்டையும் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆறு வருஷமா வரேன்” என்றார் பிறகு. “இந்த மாதிரி ஒண்ணு எனக்கு ஆப்டலை.”

“சேச்சிக்கு வேற கண்ணாணு” என்றாள் ஸ்வப்னா, அக்காவின் கண்ணே வேறு என்கிற மாதிரி.

பாறையை உடைப்பதில்லை, உதிர்ந்து கிடப்பதை மட்டும்தான் எடுப்பது என்பது அவர்களுக்குள் இருந்த கட்டுப்பாடு. கிடைத்தவற்றில் பாதியைப் பட்டாபி ஒரு கல்லூரிக்குக் கொடுத்துவிடுவார். லீலாபாய் தன் பங்கில் நாலைந்தை மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டாள். பெயர்களெல்லாம் அவர் சொல்வார், அவளுக்கு வாயில் நுழையாது. ஆனால் அந்தக் கரையில் நடக்கும் மூன்று மணி நேரமும் அவளை யாரும் எந்த மாடிக்கும் போகச் சொல்வதில்லை. அது போதுமாக இருந்தது.

இரண்டாவது தடவை போகும்போதுதான் தங்கப்பனுக்கு நெஞ்சு பாரம் வந்தது.

“என்னவோ போல இருக்கு மக்ளே. நீ போயிட்டு வா. நான் எப்படியாவது கெடக்கேன்.”

அவள் போகவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். “அச்சனு குழப்பமொன்னுமில்ல”, அப்பாவுக்கு ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லி, வாயுவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. நாலு தடவை திட்டம் போட்டால் ஒரு தடவை போக முடிந்தது. ஒருநாள் தலைசுற்றல், ஒருநாள் வாந்தி, ஒருநாள் வாய்விட்டு ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த படுப்பு. நடிப்பு என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற மனிதர், முட்டியில் தேய்மானம் உண்டு. எழுபது தாண்டிய உடம்பில் எது உண்மை, எது இல்லை என்று மகள் எதை வைத்துச் சொல்வாள்? போய்வந்த நாட்களிலும் அவள் பன்னிரண்டு மணிக்கே கரையை விட்டுக் கிளம்பி, நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாள்.

மூன்று பேரின் ஆசையும் காரை மேல் இருந்தது. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம். காரை கிராமத்தை அடுத்துப் பரந்த மண் பள்ளங்களில் அம்மோனைட் என்கிற சுருள் சிப்பி கல்லாகிக் கிடக்கும் என்று பட்டாபி சொல்வார். “எங்காத்துப் பூஜையில சாளக்கிராமம் இருக்கே, அதுக்குள்ள சுருளா ஒண்ணு தெரியும் பாருங்கோ, அதேதான். பத்துக் கோடி வருஷம்.” மூன்று நாள் வேண்டும். இரண்டு முறை டிக்கெட் எடுத்தார்கள். இரண்டு முறையும் தங்கப்பன் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாவது முறை, அவர்கள் அவள் இல்லாமல் போகவும் மனமின்றி மொத்தமாக ரத்து செய்தபோது, லீலாபாய்க்கு வெட்கமாகிவிட்டது. “நீங்க ரெண்டு பேரும் போங்க சார். என்னை நம்பாண்டாம்” என்றாள்.

இந்த ஜனவரியில் குடியரசு தினம் திங்கட்கிழமை வந்தது. ஸ்வப்னா அவளிடம் கேட்காமலேயே மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள். சனிக்கிழமை காலை தங்கப்பன் கட்டிலில் நெஞ்சைத் தடவிக்கொண்டு படுத்திருந்தார். லீலாபாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுத் தையல்காரி ஷிஜாவிடம் சாவியும் மாத்திரை டப்பாவும் டாக்டர் நம்பரும் கொடுத்து, “மணிக்கொரு தடவை எட்டிப் பாரு” என்று சொல்லிவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இறங்கி நடந்தாள். திருச்சி இன்டர்சிட்டி பாறசாலை தாண்டும்வரை அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

ரயிலில் ஸ்வப்னா உளுந்துவடை கொடுத்தாள். பட்டாபி வரைபடத்தை விரித்து வைத்தார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நாகர்கோவிலில் ஒருமுறை, திருநெல்வேலியில் ஒருமுறை, மதுரையில் ஒருமுறை ஷிஜாவுக்குப் போன் செய்தாள். “படுத்திருக்காரு அக்கா” என்ற ஒரே பதில் மூன்று தடவையும் வந்தது.

ஞாயிறு காலை காரையில் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. செம்மண்ணும் மஞ்சள் மண்ணும் கலந்த மேடுகள், அவற்றை மழை அறுத்து அறுத்துப் போட்ட பள்ளங்கள். ஒரு மரம் கிடையாது. பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் வானம் மட்டும்தான் தெரியும். துப்பாக்கித் தோட்டா போலக் கூர்மையாக ஏதோ கல் அங்கங்கே சிதறிக் கிடந்தது. கணவாய் மாதிரி ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்தது அது என்று பட்டாபி சொன்னார். அறுபத்தாறு வயது மனிதர் பள்ளியிலிருந்து விட்ட பிள்ளை போல ஓடினார்.

லீலாபாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். தரையைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மண் மண்ணாகவே இருந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. போனை எடுத்துப் பார்த்தாள், சிக்னல் இல்லை. பள்ளத்திலிருந்து சறுக்கிச் சறுக்கி மேட்டில் ஏறினாள். ஒரு கோடு வந்தது. ஷிஜா எடுக்கவில்லை. அப்பாவின் போன் அடித்து அடித்து நின்றது. மறுபடி இறங்கினாள், மறுபடி ஏறினாள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏழெட்டுத் தடவை ஆகியிருக்கும். அப்பா கட்டிலிலிருந்து விழுந்து கிடப்பது போலவும், ஷிஜா கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது போலவும் கண்ணில் வந்தது. இருநூறு மைல் தாண்டி வந்தும் அவள் அந்த இரண்டு அறையை விட்டு வெளியே வரவில்லை.

“சேச்சி, இங்க வாங்க” என்று ஸ்வப்னா கூப்பிட்டாள். அவள் உள்ளங்கையில் ஒரு அம்மோனைட், பாதி உடைந்தது, ஆனால் சுருளும் வரியும் தெளிவாக இருந்தது. “நீங்க இந்த வழியா ரெண்டு வட்டம் நடந்து போனீங்க. பாக்கலியா?”

லீலாபாய் அதைப் பார்த்தாள். அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று அவளே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு மேட்டில் நிற்கும்போது ஷிஜாவே கூப்பிட்டாள்.

“அக்கா, எத்தனை தடவ விளிச்சிருக்கீங்க. நான் தைச்சிட்டிருந்தேன், போனு உள்ள கெடந்துது.”

“அப்பா எப்படி இருக்காரு?”

“அப்பாவா? இங்க எங்க வீட்ல இருக்காரு, டிவி பாத்துட்டு. காலையில முடி வெட்டப் போனாரு. வாற வழியில சாளை மீனு வாங்கிட்டு வந்து அவரே கொழம்பு வெச்சாரு. எனக்கும் ஒரு கிண்ணம் தந்தாரு. நல்லா வெப்பாரு கேட்டோ.”

லீலாபாய் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“நேத்தைக்கு அக்கா கேட்டப்போ படுத்திருக்காருன்னு சொன்னேன்ல. அப்படிச் சொல்லச் சொன்னாரு. அக்கா திரும்பத் திரும்பக் கேக்கும்போ எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?”

போனை வைத்துவிட்டு அவள் அந்த மேட்டிலேயே உட்கார்ந்தாள். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாளைக் குழம்பு வைக்க அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. இருபத்தொன்பது வருடமாக ஒரு நாள்கூட அவர் அடுப்பு பற்றவைத்ததில்லை. படப்பக்கரைக்குப் போகாமல் விட்ட ஞாயிறுகளை எண்ணிப் பார்த்தாள், எண்ணிக்கை தவறியது. அதற்கும் பின்னால் போனாள். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட கிளார்க்கின் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போய், நிச்சயத்துக்கு நாள் குறித்த வாரம் அது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. அந்த வாரம் அப்பா நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாள் தள்ளிப்போயிற்று. அவர்கள் காத்திருக்கவில்லை. இவ்வளவு காலம் அதை அவள் விதி என்றே நினைத்திருந்தாள்.

பட்டாபி மூச்சு வாங்க மேடேறி வந்தார். “ஆத்துல ஏதாவது...?”

“ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்காரு.”

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே ஸ்வப்னா குனிந்து நடந்துகொண்டிருந்தாள். வெயில் சாய்ந்து மேடுகளின் நிழல் பள்ளங்களில் விழும்வரை மூன்று பேருக்கும் இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. லீலாபாய் அந்த இரண்டு மணி நேரமும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை நாலரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கப்பன் நெற்றியில் ஈரத்துண்டோடு கட்டிலில் கிடந்தார்.

“வந்திட்டியா மக்ளே. மூணு நாளா கஞ்சித்தண்ணி எறங்கல்ல.”

அவள் சமையல்கட்டுக்குப் போனாள். மண்சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, அவள் வைக்கும் இடத்தில் அல்ல. துணி துவைக்கும் கல்லில் இரண்டு மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. குளித்தாள். சாயா போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்து, கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

“முடி நல்லா வெட்டியிருக்கான்” என்றாள்.

அவர் கை தன்னையறியாமல் பிடரிக்குப் போயிற்று.

“அப்பா, எனக்கு ஒரு காரியம் தெரியணும். மார்த்தாண்டத்துக்காரங்க வந்த சமயம் நாலு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தீங்களே. அதுவும் இதுபோலத்தானா?”

தங்கப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயாவில் ஆடை படிந்தது. வெளியே யாரோ மூட்டை இறக்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து யாரோ தும்மும் சத்தமும் கேட்டது. அவர் பேசியபோது குரல் சுவரில் பட்டு வந்தது.

“உன் அம்மை ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனா. யாரும் தூக்கிட்டுப் போகல்ல. சாயங்காலம் வந்து துணி மடக்குகேன்னு சொல்லிட்டுப் போனா, பின்ன வரல்ல. கொடியில துணி மூணு நாளு கெடந்துது.”

அந்தத் துணியை எடுத்து மடித்தது லீலாபாய்தான். அவளுக்கு அது நினைவிருந்தது. திருச்சியிலிருந்து எட்டு மணி நேரமாகச் சேர்த்துக்கொண்டு வந்த கோபம் கையை விட்டு நழுவுவது தெரிந்தது. அது நழுவக் கூடாது என்று அவள் நினைத்தாள்.

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யாண்டாம்” என்றார் தங்கப்பன். “போகாண்டாம். அவ்வளவுதான்.”

“போவேன்” என்றாள் அவள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் குரல் உயர்த்தவில்லை. அடுத்த ஒரு வாரம் அவர் அவளோடு பேசவில்லை, வைத்ததைச் சாப்பிட்டார். அந்த வெள்ளிக்கிழமை லிங்கராஜ் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு, “அப்பாவ விட்டுட்டுக் கல்லு பெறக்கப் போறியாமே அக்கா” என்றான்.

“ஆமா. நீ ஒரு மாசம் லீவு எடுத்து வா. நான் இன்னும் தூரமாப் போகணும்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பது தெரிந்ததும், கம்பெனியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். அப்புறம் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மாத்திரைக் கடையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினாள். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, படப்பக்கரை போவதாக இருந்த காலையில், அவர் நெஞ்சைத் தடவினார். அவள் கருவியைக் கையில் சுற்றி, எண்ணைப் பார்த்து, அவருக்கும் காட்டினாள். டாக்டர் சரி என்று சொன்ன அளவுக்குள் இருந்தது. “நல்லா இருக்கு. வாறேன்ப்பா” என்று சொல்லிப் பையை எடுத்தாள். எண் சரியாக இருந்தாலும் நெஞ்சுக்குள் வேறு ஏதாவது இருக்கலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒருநாள் அவர் சொல்வது நிஜமாகவே இருக்கும், அன்றும் தான் இப்படித்தான் பையை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்போம் என்ற எண்ணம் அவளோடு சந்து முனைவரை நடந்து, தம்பானூரில் ரயிலும் ஏறியது.

வர்க்கலை தாண்டும்போது போன் அடித்தது. அப்பாவின் நம்பர். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்வப்னா பேச்சை நிறுத்தினாள்.

“என்னப்பா?”

“உப்பு எங்க வெச்சிருக்க?”

“அலமாரியில, மேல் தட்டுல. வெள்ளை ஜாடி.”

“எட்டாது.”

“ஸ்டூல்ல ஏறாதீங்க. ஷிஜாகிட்டக் கேளுங்க.”

“ம்” என்றார். பின்னணியில் ஏதோ கொதிக்கும் சத்தம். “எப்ப வருவ?”

“ஆறு மணியாகும்.”

இதுவரை ஒருமுறைகூட ஆறு என்று அவள் சொன்னதில்லை. அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

“பிரஸ்னம் ஒண்ணுமில்லியே சேச்சி?” என்று ஸ்வப்னா கேட்டாள்.

“இல்ல. சமைக்காரு” என்றாள் லீலாபாய்.

கொல்லம் வரும்வரை அவள் போனைப் பைக்குள் வைக்கவில்லை. கையிலேயே பிடித்திருந்தாள். அது மறுபடி அடிக்கவில்லை.